மேல் மாடியின் சிவப்புக் கோடு

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. யார் என்ன சொன்னாலும் அந்த நேரத்தில் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் உள்ளே வைத்துக்கொண்டு கறுவுவேன். என் கணவர் இதைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கல்யாணமாகி ஏழு வருஷமாகியும் மனிதருக்கு விவரம் போதவில்லை.

நாங்கள் கீழ் வீடு. கணவரின் அண்ணனும் அவர் மனைவியும் மேல் மாடி. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே இணைய இணைப்பு. மாடிப்படி திரும்பும் இடத்தில் சுவரில் அதன் பெட்டி மாட்டியிருக்கும். அதிலிருந்து ஒரு கேபிள் மேலே போகிறது, ஒன்று கீழே வருகிறது. மாதத்துக்கு இருநூறு ஜிபி. அது தீர்ந்துவிட்டால் லைன் அறுந்துபோகாது, ஊர ஆரம்பிக்கும். மூன்று மாதமாக இருபத்து நாலாம் தேதியே தீர்ந்துகொண்டிருந்தது.

ஒரு புதன்கிழமை காலை அத்தான் அந்தப் பெட்டியின் முன்னால் நின்று கத்தினார். கணவரின் அண்ணனை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். முந்தின நாள் மாலை அவர் டிவியில் பார்த்த ஆட்டம் கடைசி ஐந்து நிமிடத்தில் நின்று சுற்ற ஆரம்பித்திருக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தில்தான் ஜெயித்தார்களாம்.

"யாரு இவ்வளவு நெட்டையும் திங்கறது? இன்னிக்கு இந்தப் பெட்டிக்குள்ள பூந்து பாத்துடறேன்!"

அவர் போனை எடுத்து பாஸ்வேர்டைப் போடப் போனார். அப்போதுதான் அவர் மனைவி, என் ஓரகத்தி, படியில் நின்றபடி சொன்னாள்.

"இதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு? நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கறது யாரு? அவ ஒருத்தியே மொத்தத்தையும் உறிஞ்சிடறா. நாமதான் மிச்சம் மீதிய நக்கிட்டு இருக்கோம்."

நான் துடைப்பத்தோடு கீழ்ப்படியில் நின்றுகொண்டிருந்தேன். என் கணவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அத்தான் உள்ளே புகுந்து பார்க்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, அந்தப் போனிலேயே ஒரு பூட்டுப் போட்டார். காலை பத்திலிருந்து மாலை நாலு வரை கீழ் வீட்டுக்கு லைன் கிடையாது.

"கோவிச்சுக்காதம்மா. எல்லாருக்கும் சமமா இருக்கணும்ல," என்றார்.

சமம்! என் வேலையே அந்த நேரத்தில்தான் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பயிற்சி வகுப்புகளின் வீடியோக்களை வெட்டி ஒட்டிச் சீர்செய்து கொடுப்பது என் தொழில். ஒன்பது மணிக்குச் சரக்கு வரும். ஒரு மணிக்குள் முடித்து ஏற்றிவிட வேண்டும். முடித்த கோப்பு சின்னதாக இருக்காது. பூட்டுப் போட்ட அன்றே என் போனின் டேட்டாவை வைத்து ஏற்றப் பார்த்தேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைத்தது. வெயிலில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்து, மூன்றே காலுக்கு ஏற்றி முடித்தேன். மறுநாளும் அதே கதை. மேற்பார்வையாளர் போன் பண்ணினார்.

"ரெண்டு தடவை ஆச்சு. இன்னொரு தடவை லேட்டானா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, அவரை. வேலை போனால் என் ஓரகத்தி முகத்தில் வரப்போகும் திருப்தியை நினைத்தபோதுதான் எரிச்சல் தாங்கவில்லை. இவளை நாலு பேர் முன்னால் வைத்து மூக்கை உடைக்காமல் விடுவதில்லை என்று அந்தத் தொட்டியடியிலேயே முடிவெடுத்தேன்.

அவர்கள் மறந்துபோன விஷயம் ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு முன் நான் முந்நூறு பேர் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தின் இணைய இணைப்பைக் காவல் காத்தவள். எந்த மேசை எவ்வளவு தின்கிறது என்று என்னால் உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்ல முடியும். அதற்குக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய கணினி கிடந்தது. அந்த நிறுவனத்தில் கழித்துக் கட்டியபோது நான் எடுத்து வைத்திருந்த, நாலு கேபிள் செருகும் அட்டை ஒன்றும் இருந்தது. இரண்டையும் துடைத்துச் சேர்த்து, விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸை ஏற்றினேன். அத்தான் தன் பெயின்ட் கடைக்குப் போன பிறகு, மாடிப்படிக்குக் கீழே இருந்த செருப்பு அலமாரியின் பின்னால் அதை ஒளித்து வைத்தேன். மேலே போகும் கேபிளும் கீழே வரும் கேபிளும் இனி அதற்குள் நுழைந்துதான் வெளியே போக வேண்டும். வேலை மூன்று நிமிடம். இரண்டு வீட்டிலும் யாருக்கும் தெரியவில்லை.

கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டும்போது கை தானாக ஓடியது. மூன்று கருவிகள், மூன்றும் இலவசம். விஎன்ஸ்டாட் என்று ஒன்று. ஒவ்வொரு கேபிளிலும் மணிக்கு எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்று பேசாமல் எழுதிக்கொண்டே இருக்கும். இஃப்டாப் என்பது இந்த நொடியில் எந்தப் போன், எந்த டிவி யாரோடு பேசுகிறது என்று காட்டும். மூன்றாவது, எம்ஆர்டிஜி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிப் பார்த்துப் படம் வரையும். மேல் மாடிக்குச் சிவப்புக் கோடு, கீழ் வீட்டுக்கு நீலம் என்று கொடுத்தேன். சிவப்பை வேண்டுமென்றே கொஞ்சம் தடிமனாக வைத்தேன்.

"செருப்பு அலமாரிக்குப் பின்னால என்ன வெச்சிருக்க? விர்ர்ருன்னு சத்தம் வருது," என்றார் என் கணவர்.

"லைன் ஏன் மெதுவா இருக்குன்னு பாக்கறேன்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"சொல்லுவேன். நானே சொல்லுவேன்," என்றேன்.

மறுநாள் மாதம் பிறந்து லைன் பழைய வேகத்துக்கு வந்தது. மத்தியானம் என் போனில் படத்தைத் திறந்தேன். கீழ் வீட்டு நீலம் தரையோடு தரையாகக் கிடந்தது, பூட்டுப் போட்டாயிற்றே. சிவப்போ பத்தரை மணிக்குச் செங்குத்தாக எழுந்து நின்றது. பன்னிரண்டு மணிக்கு அதே மாதிரி செங்குத்தாக விழுந்தது. ஒன்றரை மணி நேரத்தில் நாலு ஜிபி! அடுத்த நாளும் பத்தரை, பன்னிரண்டு. அதற்கடுத்த நாளும். மாதக் கணக்குப் போட்டால் இருநூறில் பாதி அங்கேயே போகிறது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இல்லை. சமையலறையில் நின்று தனியாகச் சிரித்தேன். உறிஞ்சுகிறவள் யாரென்று கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான்தான் கெட்டிக்காரி ஆயிற்றே. சினிமா பார்ப்பவர்களின் கோடு சீப்பின் பல் மாதிரி ஏறி இறங்கும். வருவது மட்டும்தான் இருக்கும், போவது இருக்காது. இந்தச் சிவப்பின் தலை மேசைப் பலகை மாதிரித் தட்டையாக இருந்தது. வந்த அளவே போகவும் செய்தது. அப்படியென்றால் வீடியோ கால். இஃப்டாப்பைத் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு போன், என் ஓரகத்தியுடையது. வீட்டில் அந்த நேரத்தில் அவளைத் தவிர யாருமில்லை. தினமும் ஒன்றரை மணி நேரம் யாரோடோ முகம் பார்க்கிறாள், ஆனால் மேலிருந்து ஒரு வார்த்தை பேச்சுச் சத்தம் கேட்டதில்லை. நான் படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும் பார்த்தேன். கிசுகிசுப்புக்கூட இல்லை. என் புத்தி எங்கே போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

ஒரு வாரம் சேர்த்தேன். அதற்குள் மொட்டை மாடியிலிருந்து இன்னும் ஐந்து கோப்புகளை ஏற்றினேன். ஒவ்வொன்றும் ஒரு மணிக்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்னால்தான் போய்ச் சேர்ந்தது. அந்த ஒவ்வொரு நிமிடத்தையும் அவள் கணக்கில்தான் எழுதி வைத்தேன். சனிக்கிழமை மாலை படத்தைக் கலரில் அச்சடித்து எடுத்துக்கொண்டு மேலே போனேன். அத்தான் கூடத்தில் டிவி முன்னால் இருந்தார். என் கணவரையும் இழுத்துக்கொண்டு போயிருந்தேன்.

"அத்தான், ஒரு வாரமா எண்ணியிருக்கேன். இந்த நீலம் நாங்க. இந்தச் சிவப்பு நீங்க. யாரு உறிஞ்சறாங்கன்னு பாத்துக்குங்க."

ஓரகத்தி சமையலறை வாசலில் வந்து நின்றாள். தாளைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. ஆகா, இதற்காகத்தானே இத்தனை நாள் வெயிலில் வெந்தேன்! வாய் தானாக மேற்கொண்டு ஓடியது.

"இது படம் பாக்கறது இல்ல அத்தான். வீடியோ கால். தினமும் ஒன்றரை மணி நேரம். யாரோடன்னு என் மெஷின் சொல்லாது. அக்காவத்தான் கேக்கணும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது சிரித்தேன். லேசாகத்தான். ஆனால் சிரித்தேன்.

அத்தான் தாளை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அந்தச் சிவப்பு மலை எவ்வளவு உயரம் என்பதைத்தான் நான் ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விரல் அந்த உயரத்தின் பக்கமே போகவில்லை. கீழே, நேரம் போட்டிருந்த வரிசையில் நகர்ந்தது.

"பத்தரை. பன்னெண்டு. திங்கள், செவ்வாய், புதன்..." மெதுவாக எண்ணினார். "ஞாயித்துக்கிழமை இல்ல. ஞாயித்துக்கிழமை நான் வீட்ல இருக்கேன்."

எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது, நான் என்ன அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறேன் என்று. தாளைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று கை பரபரத்தது.

"யாரு அவன்?" என்றார் அத்தான்.

"எவனும் இல்ல."

"இந்தா போட்டிருக்கே! யாருடி?"

என் கணவர், "அண்ணே, அண்ணே," என்று எழுந்தார். ஓரகத்தி அவரைக் கையமர்த்தினாள். பிறகு யாரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரி. காது கேக்காதவங்க வருவாங்க. டாக்டர் சொல்றத இயர்போன்ல கேட்டு நான் சைகையில சொல்லுவேன். அவங்க சைகையில சொல்றத டாக்டருக்கு டைப் பண்ணுவேன். நாலு மாசமா பண்றேன்."

அவளுடைய அப்பா அம்மா இருவருக்கும் காது கேட்காது, பேச்சும் வராது. அவள் பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்னாலேயே கையால் பேசக் கற்றவள். இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே, யார் முன்னாலும் கையை ஆட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்று அத்தான் சொல்லிவிட்டார் என்பதை என் கணவர் எனக்கு எப்போதோ சொல்லியிருக்கிறார். நான் கேட்டுவிட்டு மறந்திருந்தேன். எனக்கும் மறதி உண்டு போலிருக்கிறது, அடுத்தவர்களின் காயம் என்றால்.

சத்தமே ஏன் வரவில்லை என்பதும், பெட்டிக்குள் பார்க்கிறேன் என்று அத்தான் கிளம்பியதும் ஏன் என்னைக் காட்டிக்கொடுத்தாள் என்பதும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அவர் உள்ளே பார்த்திருந்தால் அவளுடைய போன்தான் முதலில் நின்றிருக்கும்.

"ஊர் பேர் தெரியாதவன் முன்னாடி கைய ஆட்டிக்கிட்டு..." அத்தான் முடிக்கவில்லை. எழுந்து போய் அவள் போனை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அடிக்கவில்லை, கத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, தலையில் கை வைத்து ஆசீர்வதிக்காத குறையாகச் சொன்னார்.

"நல்ல வேலை பண்ணினம்மா. உன் பூட்ட எடுத்துடறேன். இனிமே லைன் முழுசா உனக்குத்தான். அந்த மெஷின மட்டும் நிறுத்தாத. தினமும் சாயந்தரம் எனக்கு ஒரு தாள் வேணும். இந்தச் சிவப்புக் கோடு பகல்ல எந்திரிச்சா எனக்குத் தெரியணும்."

நான் ஜெயித்துவிட்டேன். திங்கட்கிழமை என் கோப்பு பதினொன்றே முக்காலுக்கு ஏறத் தொடங்கி, பன்னிரண்டு அடிப்பதற்குள்ளேயே முடிந்துவிட்டது. மேற்பார்வையாளர் கட்டைவிரல் படம் அனுப்பினார். மாலையில் தாளைக் கொடுத்தேன். சிவப்பு பகல் முழுக்கப் படுத்திருந்தது. அத்தான் பேனாவை எடுத்து ஓரத்தில் கையெழுத்துப் போட்டு ஒரு கோப்பில் சொருகினார். தன் மனைவி ஒழுங்காக இருந்ததற்கான சான்றாம்! அந்தப் பேனா தாளில் ஓடிய சத்தத்தைக் கேட்டபோது என் பழைய எரிச்சல் அப்படியே இடம் மாறுவது தெரிந்தது. என்னை உளவாளியாக வேலைக்கு வைக்க இவர் யார்? என் மெஷினை, என் கையால் தட்டிய கட்டளைகளை, இவருடைய கைவிலங்காக்க இவர் யார்?

புதன்கிழமை அவர் கடைக்குப் போனதும் மேலே ஏறினேன். ஓரகத்தி சும்மா உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அக்கா, கீழ வாங்க. கேமரா வெச்ச லேப்டாப் ஒண்ணு சும்மாதான் கிடக்கு. பத்தரைலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் என் ரூம்ல உக்காந்து பண்ணுங்க. சிவப்புல ஒண்ணும் வராது. நீலத்துலதான் வரும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"திங்கக்கிழமை நான் வரலன்னதும் ஆஸ்பத்திரில என்ன நடந்துச்சு தெரியுமா? பக்கத்து வீட்டு போன்ல கூப்பிட்டுக் கேட்டேன். ஒரு பெரியவர். எழுதிக் காட்டியிருக்காங்க, அவருக்குப் படிக்க வராது. ரெண்டு வேளை மாத்திரைய ஒரே வேளையா போட்டுக்கிட்டாரு. மயங்கி விழுந்துட்டாரு."

"இப்ப எப்படி இருக்காரு?" என்றேன்.

"பொழச்சுட்டாரு," என்றாள். "உன் நல்ல நேரம்."

"அக்கா, நான்..."

"ஒண்ணும் சொல்லாத. என் புருஷன் முன்னாடி நீ சிரிச்ச. அத நான் பாத்தேன். அந்தக் கணக்கு தனி, அது தீராது. எத்தனை மணிக்கு வரணும்?"

"பத்தேகாலுக்கு வாங்க."

இப்போது தினமும் வருகிறாள். என் அறையின் வெள்ளைச் சுவரை முதுகில் வைத்துக்கொண்டு உட்காருவாள். நான் கூடத்தில் பழைய மடிக்கணினியில் வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பேன். முதல் நாளே ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொன்னாள்.

"படம் கொஞ்சம்கூட மங்கக் கூடாது. விரல் தெளிவா தெரியணும். நெஞ்சு வலிங்கறதும் வயித்து வலிங்கறதும் மாறிப்போச்சுன்னா அவ்வளவுதான்."

மங்காமல் இருக்க வேண்டும் என்றால் இருநூறு ஜிபி மாதம் முழுக்கத் தாங்க வேண்டும். என் வீடியோக்கள், அவளுடைய விரல்கள் இரண்டும் போக, எங்கே வெட்டுவது என்று விஎன்ஸ்டாட்டைப் பார்த்தேன். மாலை ஏழு முதல் பத்து வரை சிவப்பு சீப்புப் பல்லாக ஏறி இறங்கியது. அத்தானின் டிவி, அவருடைய ஆட்டம்.

மெஷினை நிறுத்தாதே என்று அவரே அல்லவா சொன்னார். எண்ணத் தெரிந்த மெஷினுக்கு இறுக்கவும் தெரியும். அதற்கும் ஒரு கட்டளை இருக்கிறது, அதுவும் இலவசம். டிவியின் முகவரியைக் குறித்து, அதற்கு மட்டும் குழாயைக் கால்வாசி மட்டும் வரும்படி மூடினேன். ஒரே வரி. என் வாழ்நாளில் அவ்வளவு ருசித்து எதையும் தட்டச்சு செய்ததில்லை.

தாள் தினமும் தவறாமல் போகிறது. அதில் ஒரு பொய்கூட இல்லை. பத்தரைக்குச் செங்குத்தாக எழுந்து பன்னிரண்டுக்கு விழும் அதே தட்டைத் தலை மலை, அதே உயரம், நீல நிறத்தில் பட்டப்பகலில் நிற்கிறது. அத்தான் அதைப் பார்ப்பதே இல்லை. சிவப்பு எழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை மேல் மாடியில் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டோம். அத்தான் ஒரே புகழ் மழை.

"இந்த வீட்ல புத்தியுள்ளது இவ ஒருத்திதான்டா," என்று என் கணவரிடம் சொன்னார். "இவ வரைஞ்ச கோடுதான் வீட்ட ஒழுங்குல வெச்சிருக்கு. ஆனா ஏம்மா, டிவிதான் சரியில்ல. ஒரே மங்கல். பந்து எங்க போகுதுன்னே தெரிய மாட்டேங்குது. யாரு அடிச்சான்னு கமென்ட்ரி கேட்டுத்தான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு."

"கண்ணு ஒரு தடவை டெஸ்ட் பண்ணிக்குங்க அத்தான்," என்றேன்.

"அப்படியா சொல்ற?"

"வயசாகுதுல்ல."

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிஜமாகவே யோசிக்க ஆரம்பித்தார். எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. நாலு பேர் முன்னால் ஒருவரின் மூக்கை, அவருக்கே தெரியாமல் உடைப்பதன் சுகம் தனி. அதைப் பங்கு போட்டுக்கொள்ள இந்த மேசையில் இன்னொருத்தி இருக்கிறாளே என்று நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

ஓரகத்தி பாத்திரத்தோடு வந்துகொண்டிருந்தாள். அத்தானுக்குப் பரிமாறினாள். என் கணவருக்குப் பரிமாறினாள். என் தட்டைத் தாண்டிப் போய்ப் பாத்திரத்தை மேசையின் அந்தக் கோடியில் வைத்துவிட்டு, உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

நான் எழுந்து போய் நானே போட்டுக்கொண்டேன்.